இணையதளச் செலவை இரண்டாம் ஆண்டிலிருந்து பாருங்கள்

சிறு தொழில் செய்கிறவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒருவர் எதற்குச் செலவு செய்கிறார், எதைக் கவனிக்காமல் விடுகிறார் என்பது அவர் சொல்வதற்கு முன்பே பேரேட்டில் தெரிந்துவிடும். சில வருடங்களாக ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பலருடைய கணக்கில் ‘வெப்சைட்’ என்று ஒரு பதிவு இருக்கும். கொஞ்சம் பெரிய தொகை. அட்வான்ஸ் ஒரு தேதியில், பாக்கி இன்னொரு தேதியில். அடுத்த வருடக் கணக்கைப் புரட்டினால் அந்தத் தலைப்பின் கீழ் ஒன்றுமே இருக்காது. அதற்கடுத்த வருடமும் இருக்காது. வாடகை, மின்சாரம், தொலைபேசி எல்லாம் மாதாமாதம் வரிசையாக வந்துகொண்டிருக்க, இணையதளம் மட்டும் ஒருமுறை பணம் கட்டியதோடு தீர்ந்துபோன சங்கதியாக நிற்கும். செலவில்லாமல் ஓடும் இணையதளம் என்று ஒன்று கிடையாது. அப்படியென்றால் அந்தச் செலவை வேறு யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அல்லது யாருமே கட்டவில்லை. இரண்டுமே ஆபத்து.

மரச்சாமான் பட்டறை நடத்தும் ஒரு பெண்மணி தன் கணக்குகளை என்னிடம் ஒப்படைத்தபோது பழைய வருடங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் கணக்கிலும் அதே ஒற்றைப் பதிவு, அதே வெற்றிடம். “வெப்சைட் இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டேன். “அது போயிடுச்சு சார்” என்றார். விசாரித்ததில் விஷயம் இதுதான். தெரிந்த பையன் ஒருவர் செய்து கொடுத்திருக்கிறார். டொமைன் பெயரை, அதாவது இணையதளத்தின் முகவரியை, தன்னுடைய மின்னஞ்சலில், தன் பெயரிலேயே பதிவு செய்திருக்கிறார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவசரத்தில் அதுதான் சுலபமாக இருந்திருக்கிறது. பிறகு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், அந்த மின்னஞ்சலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். ரினியூவல் கெடு வந்தது, போனது. ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, “உங்க சைட்டுல என்னென்னமோ விளம்பரமா வருதே?” என்று கேட்ட பிறகுதான் இவருக்கே தெரிந்தது. பில் புத்தகத்தில், வண்டியின் பக்கவாட்டில், விசிட்டிங் கார்டில் எல்லாம் அச்சாகியிருந்த முகவரி அது.

பெயர் யாருடையது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இணையதளத்தின் மொத்தச் செலவில் ஆகக் குறைந்த தொகை டொமைன் பெயருக்குத்தான். ஆனால் கைவிட்டுப் போனால் திரும்ப வாங்கவே முடியாமல் போகக்கூடியதும் அதுதான். வடிவமைப்பை மறுபடி செய்யலாம், படங்களை மறுபடி எடுக்கலாம், பெயர் அப்படியில்லை.

டாட் காம் போன்ற பெயர்களை ஒரு வருடத்திலிருந்து 10 வருடம் வரைக்கும் பதிவு செய்துகொள்ளலாம். கெடு முடிந்த உடனே பெயர் போய்விடுவதில்லை. பதிவு செய்து தரும் நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை ஒரு சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டினால் பெரும்பாலும் வழக்கமான கட்டணத்திலேயே முடிந்துவிடும். ஆனால் சில நிறுவனங்கள் இந்தக் காலத்திலேயே பெயரை ஏலத்துக்கு விட்டுவிடும் என்பதால் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. அது தாண்டி நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம், அப்போது கேட்கும் கட்டணம் பல மடங்கு. அதுவும் போனால் 5 நாளில் பெயர் பொதுவில் விடப்படும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். காலாவதியாகும் பெயர்களை எடுக்கவென்றே நிரல் எழுதிக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பெயர்களுக்கான விதிகளை வகுக்கும் ஐகேன் அமைப்பு, கெடுவுக்குச் சுமார் ஒரு மாதத்துக்கு முன்பு ஒருமுறையும் ஒரு வாரத்துக்கு முன்பு ஒருமுறையும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்று பதிவு நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியிருக்கிறது. நினைவூட்டல்கள் போகத்தான் செய்கின்றன. பதிவில் எந்த மின்னஞ்சல் இருக்கிறதோ அங்கே போகின்றன. பட்டறை அம்மாவின் விஷயத்தில் அவை யாரும் திறக்காத ஒரு பெட்டியில் போய் விழுந்தன.

இதைவிடப் பெரிய இழப்பு மின்னஞ்சல். பலர் டொமைன் பெயரிலேயே மின்னஞ்சலும் வைத்திருப்பார்கள். பெயர் போனால் அந்த மின்னஞ்சலும் போகும். அந்தப் பெயரை எடுத்தவர் நினைத்தால், உங்கள் பழைய முகவரிக்கு வருகிற கடிதங்களைத் தன் பெட்டிக்கு வரவழைத்துக்கொள்ள முடியும். எந்தெந்தக் கணக்குகளுக்கு அந்த முகவரியை லாகினாகக் கொடுத்திருக்கிறீர்களோ, அவற்றின் பாஸ்வேர்டை மாற்றும் இணைப்பும் அங்கேதான் போகும். ஒரு வருட ரினியூவல் தொகையோடு ஒப்பிட்டால் இந்த ஆபத்தின் அளவு எங்கேயோ இருக்கிறது.

அதனால் என்னிடம் வருகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது: டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். செய்து தருகிறவருக்கு வேண்டிய அனுமதியை மட்டும் கொடுங்கள். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது, ஏனென்றால் டொமைன் நின்றால் அதைப் பற்றிய எச்சரிக்கையும் உங்களுக்கு வராது. கணக்கில் ‘வெப்சைட்’ என்ற பெருந்தலைப்புக்குள் இதைப் போடாமல், வாடகை போலத் தனித் தலைப்பில் வையுங்கள். தனியாக இருந்தால்தான் ஒரு வருடம் அது விடுபட்டுப்போவது கண்ணில் படும்.

மூன்று கொட்டேஷன்கள்

அந்த அம்மா வேறொரு பெயரில் மறுபடியும் இணையதளம் செய்யத் தீர்மானித்து மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினார். மூன்றையும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, “எது நியாயமான விலைன்னு நீங்க சொல்லுங்க சார்” என்றார். மூன்றுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஆகக் குறைந்தது ஒரே பக்கம். ‘முழுமையான இணையதளம்’ என்று ஒரு வரி, கீழே தொகை. ஆக அதிகமானதில் வண்ணப் படங்களோடு பல பக்கங்கள். முதல் பாதி முழுக்க அவர்கள் நிறுவனத்தைப் பற்றியே இருந்தது. நடுவில் இருந்தவர் பிரித்துப் பிரித்து எழுதியிருந்தார், ஆனால் அவருடையதிலும் எல்லாம் இணையதளம் வெளியாகும் நாளோடு முடிந்திருந்தது.

எது நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் மூன்றும் ஒரே பொருளுக்கான விலை இல்லை. ஒருவர் ‘தீம்’ என்று தயாராகக் கிடைக்கும் வடிவமைப்பு ஒன்றை எடுத்து நிறத்தை மாற்றித் தருவார். இன்னொருவர் முதலிலிருந்து வரைவார். மற்றவர் இரண்டுக்கும் நடுவே. எல்லோரும் இதை ‘இணையதளம்’ என்றே எழுதியிருந்தார்கள். ஆகவே விலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மூன்று பேருக்கும் ஒரே கடிதம் அனுப்பச் சொன்னேன். தொகைகளை மூன்று பத்தியாகப் பிரித்துத் தாருங்கள்: முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் யாருக்கு, எதற்கு, எவ்வளவு கட்ட வேண்டும். அதில் எது உங்களுக்கு, எது வெளி நிறுவனங்களுக்கு. அவ்வளவுதான் கடிதம்.

வந்த பதில்கள்தான் எனக்கு எல்லாவற்றையும் தெளிவாக்கின. ஆகக் குறைந்த விலை சொன்னவர் போனில் கூப்பிட்டு, “அதெல்லாம் பெருசா ஒண்ணும் வராதுங்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். எழுதித் தரவில்லை. பெரிய நிறுவனம் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்றை அனுப்பியது. மாதத் தொகை இருந்தது, அதற்கு என்ன செய்வார்கள் என்பது ‘தேவையான ஆதரவு’ என்ற இரண்டு சொற்களில் முடிந்திருந்தது. ஹோஸ்டிங், அதாவது இணையதளம் குடியிருக்கும் வாடகை இடம், அவர்கள் கணக்கில் இருக்கும், வேறிடம் மாற்ற வேண்டுமென்றால் தனிக் கட்டணம் என்பது அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. நடுவிலிருந்தவர் இரண்டு நாள் அவகாசம் கேட்டு ஒரு அட்டவணை அனுப்பினார். டொமைன், ஹோஸ்டிங், தொடர்புப் படிவத்துக்கான பிளகின் என்ற துணை மென்பொருளின் வருட உரிமம், மின்னஞ்சல் பெட்டிகளுக்கான மாதக் கட்டணம், இவை எல்லாவற்றையும் ‘நீங்கள் நேரடியாகக் கட்டுங்கள்’ என்று எழுதியிருந்தார். ஹோஸ்டிங்கின் எதிரே ‘முதல் தவணை சலுகை விலை, ரினியூவல் இதைவிடக் கூடுதல்’ என்று குறிப்பும், ரினியூவல் விலையும் இருந்தது. தனக்கு வரவேண்டிய தொகையாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யும் வேலைக்கு மட்டும் கேட்டிருந்தார்: மென்பொருளைப் புதுப்பிப்பது, பேக்கப் என்ற பாதுகாப்பு நகல் சரியாக எடுக்கப்படுகிறதா என்று திறந்து பார்ப்பது, தொடர்புப் படிவத்தில் ஒரு செய்தி அனுப்பி அது வந்து சேருகிறதா என்று சோதிப்பது.

அந்தக் கடைசி வரியில்தான் அந்த அம்மாவின் முகம் மாறியது. பழைய இணையதளத்தில் படிவம் இருந்தது, ஆனால் யாருமே எழுதவில்லை என்று அவர் நினைத்திருந்தார். யாரும் எழுதவில்லையா, எழுதியது வந்து சேரவில்லையா என்பதை இனிமேல் தெரிந்துகொள்ள வழியில்லை. இணையதளத்திலிருந்து அனுப்பப்படும் மின்னஞ்சலுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற இரண்டு அடையாளப் பதிவுகள் டொமைனில் சரியாக இல்லையென்றால் அது குப்பைப் பெட்டிக்குப் போவது சர்வசாதாரணம். அதைச் சரிசெய்ய அதிக நேரம் ஆகாது. ஆனால் அதைப் பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும், அவருக்குப் பணம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

கணக்கியல் என்ன சொல்கிறது

என் தொழிலிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். சர்வதேசக் கணக்கியல் தரநிலைகளில் இணையதளச் செலவுக்கென்றே ஒரு விளக்கம் இருக்கிறது. எஸ்ஐசி-32 என்று பெயர், 2002-இல் வந்தது. சிறு தொழில்கள் பெரும்பாலும் இந்தத் தரநிலைகளின்படி கணக்கு வைப்பதில்லை, ஆனாலும் அதிலுள்ள சிந்தனை எல்லோருக்கும் பொருந்தும். ஒரு நிறுவனம் தன் பொருட்களை விளம்பரப்படுத்துவதற்காக மட்டும், அல்லது முக்கியமாக அதற்காக, இணையதளம் அமைத்தால், அதைச் சொத்தாகக் காட்டக் கூடாது, செய்த செலவு முழுவதையும் அந்தந்தக் காலத்துச் செலவாகவே எழுத வேண்டும் என்கிறது. அந்த இணையதளத்தால் எதிர்காலத்தில் எவ்வளவு வருமானம் வரும் என்று காட்ட முடியாது என்பதே காரணம். இணையதளம் வழியாகவே ஆர்டர் எடுத்து விற்கிறவர்களுக்குக் கதை வேறு. அவர்கள் நிபந்தனைகளுக்கு உட்பட்டு அதைச் சொத்தாகக் காட்டலாம். அப்போதும், அதன் பயன்பாட்டுக் காலத்தைக் குறுகியதாகவே மதிப்பிட வேண்டும் என்று அதே விளக்கம் சொல்கிறது. வெளியிட்ட பிறகு அதை நடத்துவதற்கு ஆகும் செலவு எப்போதும் நடப்புச் செலவுதான்.

இதை நான் வாடிக்கையாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இயந்திரம் வாங்குவதைப் போல இணையதளத்தை நினைப்பவர்தான் முதல் ஆண்டிலேயே கையிலிருக்கும் எல்லாவற்றையும் போட்டுவிடுகிறார். ரம்பமோ தையல் இயந்திரமோ வாங்கினால், எண்ணெய் போட்டு வைத்தால் பல வருடம் உழைக்கும், வேண்டாமென்றால் விற்கலாம். இணையதளத்தை விற்க முடியாது, சும்மா விட்டுவைக்கவும் முடியாது. அதன் கீழே இருக்கும் தளமே நகர்ந்துகொண்டிருக்கிறது.

உதாரணத்துக்கு, சிறு தொழில்களின் இணையதளங்களில் பல வேர்ட்பிரஸ்ஸில் ஓடுகின்றன. இணையதளம் அமைப்பதற்காக 2003-இல் வெளிவந்த இலவச மென்பொருள் அது. அது ஓடுவதற்கு பிஎச்பி என்ற நிரல்மொழி வேண்டும். பிஎச்பியின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் உண்டு, 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. அடுத்த பெரிய பதிப்புக்கு மாறியபோது பழைய தீம்களும் பிளகின்களும் பல இடங்களில் உடைந்தன. அன்று அழகாகச் செய்து, முழுப் பணமும் வாங்கிக்கொண்டு போனவர் தவறு செய்யவில்லை. அவர் செய்து கொடுத்தது அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஹோஸ்டிங் நிறுவனம் பழைய பதிப்பை நிறுத்தும் நாளில் உங்கள் முகப்புப் பக்கம் வெள்ளையாக வந்தால், அதைச் சரிசெய்யும் செலவு உங்களுடையது. அது எப்போது வரும் என்று துல்லியமாகத் தெரியாது. வரும் என்பது மட்டும் நிச்சயம். நிச்சயமாக வரப்போகும் செலவை ‘எதிர்பாராத செலவு’ என்ற தலைப்பில் எழுத எனக்கு மனம் ஒப்புவதில்லை.

பாதுகாப்புச் சான்றிதழும் இப்படித்தான். 2018 ஜூலையிலிருந்து குரோம் உலாவி, எச்டிடிபிஎஸ் (சான்றிதழால் கிடைக்கும், பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கிய இணைப்பு) இல்லாத எந்தத் தளத்தையும் பாதுகாப்பற்றது என்று காட்டுகிறது. ஆகவே சான்றிதழ் எல்லோருக்கும் தேவை. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. ஆயுள் முடிவதற்கு முன்பே அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி நல்ல ஹோஸ்டிங் நிறுவனங்கள் அமைத்து வைத்திருக்கின்றன. சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து 2029 மார்ச்சிலிருந்து 47 நாளாக்குவது என்று உலாவித் தயாரிப்பாளர்களும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்து 2025-இல் முடிவெடுத்தார்கள். கையால் புதுப்பிக்கிற காலம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் பில்லில் வருடாவருடம் சான்றிதழுக்கென்று ஒரு பெரிய தொகை இருந்தால், அது எதற்கு என்று கேளுங்கள். காசு கொடுத்து வாங்கும் சான்றிதழுக்கு வேறு காரணங்கள் இருக்கலாம், ஆனால் சாதாரணத் தளத்துக்கு இலவசச் சான்றிதழ் தரும் மறையாக்கம் எந்த விதத்திலும் குறைந்ததில்லை. இங்கே மிச்சமாகும் பணத்தை வேறிடத்தில் போடலாம்.

யாரும் விலை போடாத வரி

மூன்று கொட்டேஷன்களிலும் பொதுவாக இருந்த ஒரே வரி இதுதான்: ‘உள்ளடக்கம் வாடிக்கையாளரால் வழங்கப்படும்’. எதிரே தொகை இல்லை. படிக்கும்போது கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் இணையதளங்கள் தாமதமாவதற்கும், பாதியில் நிற்பதற்கும், வெளிவந்தும் பயனில்லாமல் இருப்பதற்கும் நான் பார்த்தவரை முதல் காரணம் இந்த வரிதான்.

பட்டறையில் அது எப்படி நடந்தது என்று பார்த்தேன். நாற்காலிகளைப் போனில் படம் எடுத்தார்கள். வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்து மரத்தின் நிறமே மாறித் தெரிந்தது. தேக்கு கருங்காலி மாதிரி வந்தது. பின்னால் வார்னிஷ் டப்பாக்களும் ஒரு பழைய விசிறியும். அந்த அம்மா ஒரு வெள்ளைத் துணியைச் சுவரில் கட்டி, காலை வெயில் நேராக வராத நேரம் பார்த்து மறுபடி எடுத்தார். ஒவ்வொரு சாமானுக்கும் நீள அகல உயரம், என்ன மரம், எத்தனை நாளில் செய்து தர முடியும், மெத்தை மாற்றித் தருவார்களா என்று எழுத உட்கார்ந்தபோதுதான் இவற்றில் பாதி எங்குமே எழுதி வைக்கப்படவில்லை என்பது தெரிந்தது. அளவுகள் மேஸ்திரியின் தலைக்குள் இருந்தன. அவரை உட்கார வைத்துக் கேட்டு எழுத வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அவர் ரம்பத்தைத் தொட முடியாது. வாரக்கணக்கில் மாலை நேரங்கள் இதற்கே போயின.

அந்த நேரத்துக்கு விலை உண்டு. அந்த அம்மா அந்த மாலைகளில் ஆர்டர் பேசியிருக்கலாம், மேஸ்திரி ஒரு கட்டிலை முடித்திருக்கலாம். இதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, செய்து தருகிறவருக்குக் கொடுத்த தொகையோடு கிட்டத்தட்டச் சமமாக வந்தது. இதை நான் பிறகு மற்ற வாடிக்கையாளர்களிடமும் போட்டுப் பார்த்தேன்; சிலரிடம் கூடுதலாகவும் வந்தது. ஆகவே இப்போதெல்லாம் பட்ஜெட் போடும்போது உள்ளடக்கத்துக்குத் தனித் தொகை ஒதுக்கச் சொல்கிறேன். அதை வைத்து ஒரு புகைப்படக்காரரை ஒருநாள் வரவழைக்கலாம், எழுதத் தெரிந்த ஒருவரை அமர்த்தலாம், அல்லது தானே செய்வதென்றால் தன் நேரத்துக்கு அந்தத் தொகையை எழுதிக்கொள்ளலாம். எதைச் செய்தாலும் சரி, அது பூஜ்யம் இல்லை என்பது காகிதத்தில் இருக்க வேண்டும். வருகிறவர் பார்ப்பது நாற்காலியின் படத்தைத்தான். முகப்பில் எழுத்துகள் எந்தப் பக்கத்திலிருந்து மிதந்து வருகின்றன என்பதை அல்ல.

படங்களைப் பற்றி இன்னொன்று. போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் பல எம்பி இருக்கும். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். சுருக்காத நான்கைந்து படங்கள் போதும், அந்த அளவு தாண்டிவிடும். அதைச் சரிசெய்யப் பெரிய ஹோஸ்டிங்குக்கு மாறச் சொல்லும் ஆலோசனைகளை நான் பார்த்திருக்கிறேன். படத்தைச் சுருக்குவது இலவசம்.

எப்படிப் பிரிக்கலாம்

பட்ஜெட் எவ்வளவு என்று கேட்டால் தொகை சொல்ல மாட்டேன், தொழிலுக்குத் தொழில் மாறும். ஆனால் பிரிப்பதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. உங்களால் மொத்தமாக எவ்வளவு ஒதுக்க முடியுமோ அதை மூன்று பங்காக்குங்கள். ஒரு பங்குதான் செய்து தருகிறவருக்கு. ஒரு பங்கு உள்ளடக்கத்துக்கு. மூன்றாவது பங்கை முதல் ஆண்டில் தொடவே கூடாது. அடுத்த இரண்டு வருடங்களுக்கான ரினியூவல், பராமரிப்பு, உடைந்தால் சரிசெய்வது எல்லாம் அதிலிருந்துதான். மூன்றில் ஒரு பங்குக்குள் செய்து தர முடியாத அளவுக்கு இணையதளம் பெரிதாக இருந்தால், அது உங்கள் இப்போதைய தொழிலுக்குப் பெரிது. பத்துப் பக்கத்தை நான்காகக் குறையுங்கள். முகப்பில் சுழலும் படங்கள் வேண்டாம், அரட்டைப் பெட்டி வேண்டாம், செயலி சுத்தமாக வேண்டாம்.

இப்படிச் சொன்னால் டிசைனர்களுக்குக் கோபம் வரும். தங்கள் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார். நான் அவர்களுக்குக் குறைவாகக் கொடுக்கச் சொல்லவில்லை. செய்யச் சொல்லும் வேலையைக் குறைத்து, அதற்கு முழு விலை கொடுத்து, அடுத்த வருடமும் அவரையே கூப்பிட்டு அதற்கும் கொடுக்கச் சொல்கிறேன். ஒரே முறை பெரிய தொகை வாங்கிக்கொண்டு, பிறகு வாடிக்கையாளர் ஓயாமல் போன் செய்தால் இலவசமாகப் பதில் சொல்லிச் சலித்துப்போய், கடைசியில் போனை எடுப்பதையே நிறுத்திவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டறைக்கு முதலில் செய்து கொடுத்த பையனும் அப்படித்தான் விலகிப்போனார் என்று நினைக்கிறேன். பராமரிப்புக்குக் காசு ஒதுக்காத பட்ஜெட் இரண்டு பேரையும் கெடுக்கிறது.

இலவசமாகவே எல்லாம் கிடைக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூகுள் தேடலிலும் மேப்பிலும் ஒரு தொழிலைப் பற்றிக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் இலவசமாக ஒரு சின்ன இணையதளம் அமைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். ஜூன் 10 வரை பழைய முகவரிக்கு வந்தவர்களை அந்தத் தொழிலின் புரொஃபைலுக்குத் திருப்பிவிட்டார்கள், அதற்குப் பிறகு அந்த முகவரிகள் செத்துப்போயின. அதற்கு வெகுகாலம் முன்பு, 2009-இல், யாஹூ தன் ஜியோசிட்டீஸை மூடியபோதும் லட்சக்கணக்கானவர்களின் பக்கங்கள் போயின. இலவச இடத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொடக்கத்தில் அதுவே போதுமானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கேயும் சொந்த டொமைன் பெயரை வாங்கி அந்தப் பக்கத்துக்குத் திருப்பி வையுங்கள். பின்னால் இடம் மாறினாலும் வண்டியில் எழுதிய முகவரி மாறாது. மாதக் கட்டணத்தில் தளம் அமைத்துத் தரும் சேவைகளிலும் இதே யோசனைதான். அவை மோசமில்லை, பலருக்கு நானே சிபாரிசு செய்திருக்கிறேன். பராமரிப்பு அந்தக் கட்டணத்திலேயே அடங்கிவிடுகிறது. அங்கிருந்து வெளியேற நேர்ந்தால் எழுத்தையும் படத்தையும் எடுத்துக்கொள்ளலாம், வடிவமைப்பைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்து சேருங்கள்.

வடிவமைப்பின் உரிமை பற்றியும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. காசு கொடுத்துவிட்டால் எல்லாம் நமக்கே சொந்தம் என்று நினைக்கிறோம்; பல நாடுகளின் பதிப்புரிமைச் சட்டத்தில், வெளியிலிருந்து வேலை செய்து தருகிறவர் எழுதிக் கொடுத்தால்தான் உரிமை மாறும். கொட்டேஷனில் ஒரு வரி போதும். கூடவே நிர்வாகி லாகின், ஹோஸ்டிங் லாகின், ஒரு முழு பேக்கப் மூன்றும் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணை என்றும் ஒரு வரி. அந்த பேக்கப் ஹோஸ்டிங் இருக்கும் அதே இடத்தில் இருந்தால் அது பேக்கப் ஆகாது.

பட்டறை அம்மா நடுவிலிருந்தவரைத்தான் தேர்ந்தெடுத்தார். நான்கு பக்கத் தளம். இரண்டாம் ஆண்டு ரினியூவல்கள் அட்டவணையில் சொன்ன தொகைக்கு நெருக்கமாகவே வந்தன. மின்னஞ்சல் கட்டணம் மட்டும் கொஞ்சம் ஏறியிருந்தது. இப்போது மூன்றாம் ஆண்டு. ஒதுக்கி வைத்ததில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதை வைத்து இணையதளத்திலேயே முன்பணம் வாங்கும் வசதியைச் சேர்க்கலாம் என்கிறார் அவர். கட்டண நிறுவனங்கள் ஒவ்வொரு வரவிலும் ஒரு சதவீதம் எடுத்துக்கொள்ளும், அது விற்பனையோடு சேர்ந்து ஏறும், அதனால் இணையதளத் தலைப்பில் போடாமல் விற்பனைச் செலவாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கட்டில் மாதிரி பெரிய சாமானுக்கு ஆட்கள் நேரில் வந்து தொட்டுப் பார்க்காமல் முன்பணம் கட்டுவார்களா என்பதில் எனக்குச் சந்தேகம். ஸ்டூல், பலகை மாதிரி சின்னச் சாமான்களுக்குக் கட்டுவார்கள் என்கிறார். சரி, அந்தச் சின்னச் சாமான்களுக்கு மட்டும் முதலில் வைத்துப் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம். அட்டவணையில் புதிதாக ஒரு வரி சேர்த்து, எதிரே மூன்று வருடத்துக்கான தொகையை எழுதித் தரும்படி டிசைனரிடம் கேட்டிருக்கிறார்.